சிவிலா, எலக்ட்ரிக்கலா? திருமலைக்குத் திரும்பி வரவேண்டிய எனக்கு எது சரி?

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். எனக்கு ஊர் இலங்கையின் கிழக்கிலுள்ள திருகோணமலை (திருமலை). பேராதனைப் பொறியியல் பீடத்தில் எல்லோருக்கும் பொதுவான முதலாம் ஆண்டை முடித்துவிட்டேன். துறைத் தெரிவுப் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். சிவிலா, எலக்ட்ரிக்கலா என்று முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன். என் புள்ளிகளுக்கு இரண்டுமே கிடைக்கும் என்கிறார்கள் சீனியர்கள்.

இயக்கவியல், வரைதல் இரண்டிலும் நல்ல பெறுபேறு. மின்சுற்றுகளில் நடுத்தரம்தான். ஆனால் ஆய்வுகூடத்தில் ரெக்டிஃபயர் சுற்றோடு (ஆடலோட்ட மின்னை நேரோட்டமாக மாற்றும் சுற்று) மின்னேற்றத்தைச் சேமிக்கும் கப்பாசிட்டரைப் பொருத்தியதும், அலைகாட்டியின் திரையில் மேடுபள்ளமாக ஓடிய அலை கிட்டத்தட்ட நேர்கோடாகப் படிந்தது. அந்தச் சந்தோஷம் வேறு எந்தப் பாடத்திலும் வரவில்லை.

விரிவுரையாளர்களிடம் கேட்டேன், பிடித்ததை எடு என்றார்கள். இரண்டு துறைகளின் பாடத்திட்டத்தையும் வாசித்தேன். மாமா சிவில்தான் என்கிறார்: வீதி, பாலம், நீர் வழங்கல் என்று எந்த மாவட்டத்திலும் வேலை இருக்குமாம். அது நியாயம்தான். அதேநேரம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் 2016இல் நிலக்கரி மின் திட்டத்தைக் கைவிட்டார்கள், இப்போது அங்கே சூரிய மின் நிலையம் வருகிறது. அதில் நிரந்தர வேலை எவ்வளவு இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அம்மா வீட்டில் தனிய இருக்கிறா. அதனால் கொழும்போ வெளிநாடோ எனக்குச் சரிவராது.

கிழக்கில் வேலை செய்யும் பொறியியலாளர்களிடம் கேட்கிறேன்: பட்டம் முடித்ததும் திருமலையிலேயே இருந்து வேலை செய்ய இந்த இரண்டில் எது கூடுதலாகக் கைகொடுக்கும்?