கால்மிதி கிண்ணம் போல எழும்புகிறது, துணி வீணாகாமல் சரிசெய்ய முடியுமா?

புதுவயல் பொண்ணு

அப்பத்தா தவறி ஒரு வருஷம் ஆகப்போகிறது. போன மாதம்தான் அவர்களுடைய தகரப் பெட்டியைத் திறந்து துணிமணியைப் பிரித்தோம். நல்ல சேலைகளை அத்தைமார் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். கட்டிக் கட்டி நைந்துபோன இரண்டு கண்டாங்கி மட்டும் மிஞ்சியது, எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துப் பருத்திச் சேலை. ஒன்று அரக்கும் மஞ்சளும் கட்டம் போட்டது, மற்றது கறுப்பும் அரக்கும். தூக்கிப்போட மனசு வரவில்லை. அப்பாவுக்கு ஒரு கால்மிதி பின்னலாம் என்று உட்கார்ந்தேன். அவருடைய பழைய வேட்டி ஒன்றையும் கூடச் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டு அங்குல அகலத்தில் நாடாவாகக் கிழித்து, மூன்று நாடாவை ஜடை பின்னுகிற மாதிரி பின்னி, நடுவிலிருந்து வட்டமாகச் சுற்றிச் சுற்றித் தைத்து வருகிறேன். ஒரு சாண் அகலம் வரை தட்டையாகத்தான் இருந்தது. அதற்கு மேல் ஓரம் மெல்ல எழும்பி, இப்போது பழக்கூடை மாதிரி நிற்கிறது. பதினான்கு சுற்று முடித்துவிட்டேன். இஸ்திரி போட்டுப் பார்த்தேன், மேலே பருப்பு டப்பாவை வைத்துப் பார்த்தேன், எடுத்ததும் பழையபடி எழும்புகிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். அரக்கு நாடாவின் சாயம் வேட்டித் துணியில் இறங்கி அங்கங்கே ரோஸ் ஆகிவிட்டது, உப்புத் தண்ணீரில் ஊறவைத்தும் நிற்கவில்லை. அப்புறம் எங்கள் வீட்டுத் தரை ஆத்தங்குடிக் கல், பளபளவென்று இருக்கிற வண்ணச் சிமெண்டுக் கல். இதைக் குளியலறை வாசலில் போட்டால் வழுக்குமா? அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது.

வேறு துணி இருந்தால் புதிதாக ஆரம்பித்துவிடுவேன். இருப்பது இவ்வளவுதான், அதனால்தான் கேட்கிறேன்.

தேவகோட்டை டெய்லர்

தங்கச்சி, முதலில் இதைச் சொல்லுங்கள். தைக்கும்போது எங்கே வைத்துத் தைக்கிறீர்கள், மடியிலா, தரையிலா? என்ன நூல், என்ன ஊசி? வளைவில் வரும்போது பின்னலை இழுத்துப் பிடிக்கிறீர்களா?

புதுவயல் பொண்ணு

மடியில் வைத்துத்தான் அண்ணே. சாதாரண தையல் நூலை இரட்டையாகப் போட்டு, துணிக்குள் ஊசியைக் குத்தித் தைக்கிறேன். இடைவெளி தெரியக்கூடாது என்று கொஞ்சம் இழுத்துத்தான் பிடிக்கிறேன்.

தேவகோட்டை டெய்லர்

அதுதான் காரணம். மடி குழிவாக இருக்கிறது, அதன் மேல் வைத்துத் தைத்தால் துணியும் குழிவாகவே வளரும். மேஜை மேலோ தரையிலோ பரப்பி வைத்துத் தையுங்கள். சாதாரண நூல் கால்மிதியின் இழுப்புக்கு நாலு மாதம் தாங்காது. சாக்குத் தைக்கிற பருத்தி நூல் வாங்குங்கள். பின்னலையும் நூலையும் இழுக்கவே வேண்டாம்.

அந்த வேட்டி முழுப் பருத்திதானா என்றும் பார்த்துவிடுங்கள். ஒரு இழையை உருவி நெருப்பில் காட்டினால் பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகி, நுனி கெட்டியாக உருண்டுகொள்ளும். கலப்புத் துணி தண்ணீரை அவ்வளவாக இழுக்காது, கால்மிதிக்கு ஆகாது.

கானாடுகாத்தான் ஆச்சி

ஆத்தா, டெய்லர் தம்பி சொன்னது சரி. ஆனால் தரையில் வைத்துத் தைத்தாலும் ஒரு கணக்கைக் கவனிக்காவிட்டால் மறுபடி எழும்பும். நான் முப்பது வருஷமாகப் பழந்துணியில் கால்மிதி பின்னுகிறேன். முதல் நாலைந்து எனக்கும் இப்படித்தான் கூடையானது.

வட்டம் பெரிதாகப் பெரிதாக வெளிச்சுற்றுக்கு உள்சுற்றைவிட அதிக நீளம் வேண்டும். இழுத்துப் பிடித்தால் அந்த நீளம் கிடைக்காது, பின்னலுக்குப் போக வேறு வழியில்லாமல் மேலே ஏறிக்கொள்ளும். பின்னல் அரை அங்குல அகலம் என்றால் ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றைவிட மூன்று அங்குலத்துக்குச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். இரண்டாவது சுற்றானாலும் இருபதாவது சுற்றானாலும் அதே அளவுதான் கூடும்.

இதை ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டாம். துணிக்குள் ஊசி குத்துவதை விட்டுவிடு. பாவாடை நாடா கோக்கிற ஊக்கு இருக்குமே, அதில் நூலைக் கட்டிக்கொள். ஜடையின் ஓரத்தில் வரிசையாகக் கண் கண்ணாகத் தெரியும். தைத்து முடித்த பகுதியின் ஒரு கண்ணுக்குள் ஊக்கை நுழை, அப்புறம் புதுப் பின்னலின் ஒரு கண்ணுக்குள் நுழை. இப்படி மாற்றி மாற்றிக் கோத்துப் போனால் நூல் வெளியே தெரியாது, துணியும் கிழியாது. நைந்த துணிக்கு இதுதான் நல்லது. இப்போது முக்கியமான இடம்: சுற்றுக்கு ஏறக்குறைய ஆறு இடத்தில், புதுப் பின்னலில் ஒரு கண்ணை விட்டு அடுத்த கண்ணில் கோர்க்க வேண்டும். உள்பக்கம் ஒரு கண்ணும் விடக்கூடாது. அப்படி விடுகிற கண்தான் வெளிச்சுற்றுக்குத் தேவையான கூடுதல் நீளம். பின்னலின் பருமனைப் பொறுத்து ஆறு என்பது ஒன்றிரண்டு முன்னே பின்னே ஆகும். நடுவில் ஆரம்பிக்கிற முதல் இரண்டு சுற்றில் மட்டும் வளைவு அதிகம், அங்கே கையே சொல்லிவிடும்.

கண் விடுகிற இடங்கள் எல்லாச் சுற்றிலும் ஒன்றுக்கு நேராக ஒன்று வந்தால் வட்டம் அறுகோணமாகிவிடும். இடத்தைத் தள்ளித் தள்ளிப் போடு. கண்ணை அளவுக்கு மேல் விட்டால் கிண்ணத்துக்கு நேர்மாறாக ஓரம் அலை அலையாக நெளியும். ஒரு சுற்று முடிந்ததும் தரையில் போட்டு உள்ளங்கையால் தடவிப் பார். ஓரம் தூக்கினால் அடுத்த சுற்றில் ஒரு கண் கூட்டு, நெளிந்தால் ஒன்று குறை.

இனி உன்னுடையதற்கு. லேசாக எழும்பினது என்றால் ஈரத்துணி போட்டு இஸ்திரி வைத்தால் படியும். கூடையாக நிற்பதைப் பிரிக்கத்தான் வேண்டும். ஆனால் பிரிப்பது நூலைத்தான், துணி ஒரு அங்குலம்கூட வீணாகாது. கால்மிதியைத் தரையில் வைத்து நடுவை அழுத்திப் பிடி, எந்தச் சுற்றிலிருந்து தரையை விட்டுத் தூக்குகிறது என்று பார். அதற்கும் இரண்டு சுற்று உள்ளே வரை பிரித்து, அங்கிருந்து கோத்துக்கொண்டு வா.

சாயத்துக்கு உப்பு ஒன்றும் செய்யாது, ஏறி முடிந்த சாயத்தை உப்பு கட்டிப்போடாது. பின்னாத நாடாக்களைச் சாயம் வாரியாகப் பிரித்து, தண்ணீர் தெளியும் வரை அலசு. ரோஸ் ஆன இடத்தை வெயிலில் காயவிடாமல், ஈரமாக இருக்கும்போதே பச்சைத் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசினால் கொஞ்சம் போகும், முழுதும் போகாது. எனக்கென்னவோ அது பார்க்க மோசமாக இருக்காது என்றுதான் படுகிறது.

பள்ளத்தூர் தம்பி

அக்கா, வழுக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி அடியில் தைத்துவிடுங்கள். எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையில் நகரவே நகராது.

ஆத்தங்குடிக் கல் போடுகிறவர்

தம்பி, உங்கள் வீட்டுத் தரைக்கு அது சரி. ஆத்தங்குடிக் கல்லுக்கு வேண்டாம். இது சூளையில் சுட்ட கல் இல்லை. கண்ணாடித் தகடு மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறோம். பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. கல் ஈரத்தை இழுக்கும். கறுப்பு ரப்பர் ஈரத்தோடு மாதக்கணக்கில் ஒட்டிக் கிடந்தால் கறை இறங்கிவிடும், அப்புறம் துடைத்தால் போகாது. கறை போக ஆசிட் ஊற்றினால் மேல்பூச்சே போய்விடும். ஈரக் கால்மிதியை ஒரே இடத்தில் நாள் முழுக்க விட்டு வைத்தாலும் திட்டுப் படியும்.

இன்னொன்று, நம் பக்கம் இந்தத் தரைக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கிற பழக்கம் உண்டு. எண்ணெய் துடைத்த கல்லின் மேல் துணிக் கால்மிதி போட்டு, அதில் எழுபத்திரண்டு வயதுக்காரர் ஈரக் காலை வைப்பது என்பது எனக்குப் பயமாக இருக்கிறது. சணல் சாக்கை அடியில் தைத்தாலும் போதுமான பிடிப்பு வராது. குளியலறை வாசலில் இதைப் போடாதீர்கள். அங்கே சொரசொரப்பான கருங்கல் படி இருந்தால் அதன் மேல் போடலாம், ஆத்தங்குடிக் கல் மேல் வேண்டாம்.

கானாடுகாத்தான் ஆச்சி

இவர் சொல்வதைக் கேள் ஆத்தா. ஜடைக் கால்மிதி ஈரத்துக்கு ஏற்றதும் இல்லை. கனம் அதிகம், உள்ளே காய நேரமாகும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இரண்டே நாளில் மக்கு வாடை வந்துவிடும். குளியலறைக்கு மெல்லிசான துண்டு போதும், அதையும் இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் காயப்போட வேண்டும்.

இதைத் துவைக்கும்போது கொடியில் தொங்கப்போடாதே. ஈரக் கனம் இழுத்து வட்டம் கோணிவிடும். வளவில், அதுதான் வீட்டு நடுமுற்றத்தில், கயிற்றுக் கட்டில் இருந்தால் அதன் மேல் பரப்பு, மேலும் கீழும் காற்றுப் படும்.

நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை, காரைக்குடி

நான் கால்மிதிக்கு வழி சொல்ல வரவில்லை, ஒரு வேண்டுகோள் மட்டும். இன்னொரு சேலையை முழுதும் கிழித்துவிட்டீர்களா? இல்லை என்றால் தயவுசெய்து கொஞ்சம் நிறுத்துங்கள். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கப்புறம் கடைகளில் நிறைய வருகிறது. ஆனால் அந்தக் காலத்துச் சேலையின் கனமும் கட்டத்தின் அளவும் கரையின் நெசவும் பழைய துணியைக் கையில் வைத்துப் பார்த்தால்தான் நெய்கிறவனுக்குப் புரியும். உட்கார்ந்து உட்கார்ந்து நைவது நடுப்பகுதிதான், முந்தியும் கரையும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். கரையோடு சேர்த்து ஒரு மீட்டர், முந்தி முழுதும், இதை மட்டும் கிழிக்காமல் எடுத்து வையுங்கள். கற்பூரம், பாச்சை உருண்டை எதுவும் துணியில் படவேண்டாம். வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, வருஷத்துக்கு இரண்டு தடவை மடிப்பை மாற்றினால் போதும்.

தேவகோட்டை டெய்லர்

கரையைக் கிழிக்காமல் இருப்பது கால்மிதிக்கும் நல்லதுதான் தங்கச்சி. கரை தடிப்பாக இருக்கும், நடுவில் பின்னினால் அந்த இடம் மட்டும் காலில் முண்டு முண்டாக உறுத்தும். மற்ற துணியை நீளவாக்கில் கிழியுங்கள். கட்டத்தின் கோட்டில் கத்தரியால் லேசாக வெட்டிவிட்டு இழுத்தால் அதுவே நேராகப் போகும்.

நைந்த நாடாவைத் தனியாகப் பின்னாதீர்கள். வேட்டி நாடாவை அதன் மேல் வைத்து, இரண்டையும் ஒன்றாக மடித்து, நைந்தது உள்ளே போகும்படி பின்னுங்கள். நாடாவோடு நாடா சேர்க்கத் தையலே வேண்டாம். இரண்டின் நுனியிலும் காஜா போல ஒரு சின்னத் துளை வெட்டுங்கள். பழைய நாடாவின் துளை மேல் புது நாடாவின் துளையை வைத்து, புது நாடாவின் மறுமுனையை அடியிலிருந்து இரண்டு துளையிலும் விட்டு இழுத்தால் முடிச்சு மாதிரி பிடித்துக்கொள்ளும். மூன்று நாடாவும் ஒரே இடத்தில் முடியாமல் நீளத்தை ஏற்றி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புதுவயல் பொண்ணு

பத்து நாளாகப் பதில் போட முடியவில்லை, மன்னிக்கவும். கையில் வேலை ஓடிக்கொண்டிருந்தது.

எட்டாவது சுற்றிலிருந்து தரையை விட்டுத் தூக்கியது ஆச்சி. ஆறாவது வரை பிரித்துவிட்டு ஊக்கு வைத்துக் கோக்க ஆரம்பித்தேன். முதல் இரண்டு சுற்று கண் விடுகிற இடம் கைக்குப் படியவில்லை, ஒரு பக்கம் அலை அடித்தது. நீங்கள் சொன்ன மாதிரி அடுத்த சுற்றில் ஒன்று குறைத்தேன், படிந்துவிட்டது. இப்போது பதினெட்டாவது சுற்று. தரையில் போட்டால் அப்படியே உட்காருகிறது. கூட இருந்து பார்த்த என் பெண் அவளாகவே எண்ணி, "அம்மா, இந்தச் சுற்றில் அஞ்சுதான் விட்டிருக்க" என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

கறுப்புக் கண்டாங்கியில் இன்னும் கை வைக்கவில்லை. அதை முழுதாகவே வைத்துவிட்டேன். அரக்குச் சேலையின் முந்தியும் தப்பித்தது. நெசவுக்காரர் வீட்டுத் தம்பிக்கு நன்றி, நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் அன்று ராத்திரியே கிழித்திருப்பேன்.

குளியலறை வாசலில் போடப்போவதில்லை. பட்டாலைக் கூடத்தில் அப்பா உட்கார்ந்து பேப்பர் படிக்கிற சாய்வு நாற்காலிக்கு அடியில், முன்கால் இரண்டும் கால்மிதி மேல் ஏறி நிற்கிற மாதிரி போடப்போகிறேன். நாற்காலி கனம், நகராது. காலையில் அந்தத் தரை சில்லென்று இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். ராத்திரி எடுத்து வைத்துவிடுவேன்.

ஒன்றே ஒன்று பாக்கி. கடைசிச் சுற்றை எப்படி முடிப்பது? வெட்டினால் அந்த இடத்தில் மொட்டையாக ஒரு படி தெரியுமே?

கானாடுகாத்தான் ஆச்சி

சட்டென்று வெட்டாதே. கடைசி ஒரு முழம் இருக்கும்போதே மூன்று நாடாவையும் கத்தரியால் சாய்வாக மெலித்துக்கொண்டு வா, நுனி கால் அங்குலம் ஆகும் வரை. பின்னலும் தானாக எலிவால் மாதிரி மெலியும். அதை முந்தின சுற்றின் ஓரத்தோடு சேர்த்துக் கோத்து, மூன்று நுனியையும் ஆளுக்கொரு கண்ணுக்குள் செருகி, அந்த இடத்தில் மட்டும் சாதாரண நூலால் நாலு தையல் போடு. வேட்டி நாடா வெளியே தெரியாமல் அரக்கு மேலே வருகிற மாதிரி முடி.

இருபத்துநாலாவது சுற்றில் இரண்டடி வரும். ஒரு சேலைக்கு அவ்வளவுதான் வரும், வேட்டி சேர்ந்திருப்பதால் உனக்குக் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சுகிற நாடாவை உன் பெண் கையில் கொடு.