விம்மில் பதிவு செய்த மேக்ரோ சில வரிகளுக்குப் பின் நின்றுவிடுகிறது

கேள்வி:
வணக்கம். நூலகப் பட்டியல் ஒன்றை விம் என்னும் உரைத்திருத்தியில் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வரியிலும் நூற்பெயர், ஆசிரியர், வெளியான ஆண்டு ஆகியவை காற்புள்ளியால் பிரிக்கப்பட்டுள்ளன. ஆண்டை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். முதல் வரியில் கியூ, ஏ விசைகளை அழுத்தி மேக்ரோவின் (அழுத்தும் விசைகளைப் பதிந்து மீண்டும் ஓட்டும் வசதி) பதிவைத் தொடங்கி, அம்புக்குறி விசையால் ஆண்டுவரை நகர்ந்து, அதை வெட்டி முன்னால் ஒட்டி, அடுத்த வரிக்கு இறங்கி, மீண்டும் கியூவை அழுத்தி முடித்தேன். 800@ஏ என்று அதை 800 முறை ஓட்டினால் சில வரிகளில் ஆசிரியர் பெயரின் பாதி வெட்டுப்படுகிறது. பிறகு ஓரிடத்தில் எல்லாம் நின்றுவிடுகிறது. காரணம் என்ன?

மறுமொழி 1:
விம் உங்கள் நோக்கத்தைப் பதிவு செய்வதில்லை. நீங்கள் அழுத்திய விசைகளை மட்டுமே ஏ என்னும் ரெஜிஸ்டரில் (விம்மின் சேமிப்பிடம்) எழுத்துகளாக வைத்துக்கொள்கிறது. முதல் வரியில் வலப்புறம் எத்தனை முறை நகர்ந்தீர்களோ அத்தனை முறையே எல்லா வரிகளிலும் நகரும். நீளமான வரியில் அது பெயரின் நடுவே போய் நிற்கும். குட்டையான வரியில் வரி முடிந்த பின்னும் நகர முயன்று தோற்கும். நகர்வு ஒன்று தோற்றவுடன் மேக்ரோவும் மீதமுள்ள சுற்றுகளும் அங்கேயே கைவிடப்படும்.

ஆகவே எண்ணி நகராமல், தேடி நகருங்கள். சுழியத்தை அழுத்தி வரித் தொடக்கத்துக்குச் சென்று, எஃப் விசையுடன் காற்புள்ளியை அழுத்தினால் முதல் காற்புள்ளிக்கும், அடுத்து அரைப்புள்ளியை அழுத்தினால் இரண்டாவதற்கும் கர்சர் சென்றுவிடும். அங்கிருந்து வெட்டுங்கள். தோற்கக்கூடிய நகர்வுகளை எல்லாம் எதையும் மாற்றுவதற்கு முன்பே வைத்துவிட்டால், குறையுள்ள வரியில் மேக்ரோ நின்றாலும் அந்த வரி சிதையாது.

கேட்டவர்:
மிக்க நன்றி, இப்போது பெரும்பாலான வரிகள் சரியாக வருகின்றன. ஆனால் சில நூற்பெயர்களுக்குள்ளேயே காற்புள்ளி இருக்கிறது. வேறு சில வரிகளில் ஆண்டே இல்லை.

மறுமொழி 2:
முதல் வகையே ஆபத்தானது, ஏனெனில் அங்கே மேக்ரோ நிற்காமல் தவறான இடத்தில் வெட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். டாலர் குறியால் வரியின் கடைசிக்குச் சென்று, பெரிய எஃப்பால் பின்னோக்கித் தேடினால் கடைசிக் காற்புள்ளி கிடைக்கும்; அப்போது நூற்பெயரில் எத்தனை காற்புள்ளி இருந்தாலும் கவலையில்லை. ஆனால் ஆண்டு இல்லாத வரியில் இதே நகர்வு ஆசிரியர் பெயரைத் தூக்கி முன்னால் வைத்துவிடும். எனவே எந்த வரிகளில் ஓட வேண்டும் என்பதை மேக்ரோவிடம் விடாமல் குளோபல் கட்டளையிடம் (பொருந்தும் வரிகளில் மட்டும் ஒரு செயலை ஓட்டுவது) ஒப்படையுங்கள்:

:ஜி/,[0-9][0-9][0-9][0-9]$/நார்மல் @ஏ

விசைப்பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளை இடுங்கள். காற்புள்ளியும் நான்கு இலக்கங்களுமாக முடியும் வரிகளில் மட்டுமே மேக்ரோ ஓடும். ஒவ்வொரு வரியிலும் தனித்தனியாக ஓடுவதால், ஒன்றில் தோற்றாலும் மற்றவை நிற்பதில்லை. ஓட்டுவதற்கு முன்பே, ஜி-யை அடுத்து ஓர் ஆச்சரியக்குறி இட்டு, நார்மல் பகுதியை நீக்கிவிட்டு அதே கட்டளையைக் கொடுத்தால், பொருந்தாத வரிகள் அனைத்தும் திரையில் வரும். அவற்றைக் கையால் திருத்திக்கொள்ளலாம்.

மறுமொழி 3:
காற்புள்ளியைத் தேடும் இந்த ஒரு நகர்வை மாற்றுவதற்காக முழுவதையும் மறுபடி பதிவு செய்ய வேண்டியதில்லை. காலியான வரி ஒன்றில் இரட்டை மேற்கோள் குறி, ஏ, பி (p) என அழுத்தினால் மேக்ரோ வெறும் எழுத்துகளாக அங்கே ஒட்டப்படும், எஸ்கேப் விசை மட்டும் ^[ என்று தெரியும். தேவையானதைத் திருத்தி, வரித் தொடக்கத்திலிருந்து இரட்டை மேற்கோள் குறி, ஏ, ஒய், டாலர் என அழுத்தி அதே ரெஜிஸ்டரில் நகலெடுங்கள். ஒய் விசையை இருமுறை அழுத்தி முழு வரியாக எடுத்தால் வரிமுறிவும் சேர்ந்துகொள்ளும். ஓட்டும்போது அது என்டர் விசையாகச் செயல்பட்டுக் கர்சரைக் கூடுதலாக ஒரு வரி கீழே இறக்கிவிடும். நகலெடுத்த பின் ஒட்டிய வரியை அழித்துவிடுங்கள்.