மறு: ‘வயா’வுக்குத் தமிழ்ச்சொல்: கடவையா, மதகா, கண்ணா?

எல்லோருக்கும் வணக்கம்.

மின்சுற்றுப் பலகையில் ஒரு பக்கச் செப்புத் தடத்தை மறுபக்கத் தடத்தோடு சேர்க்கும் சிறு இணைப்புத்தான் ‘வயா’ (via). அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்ட இந்த இழையில் நான் இவ்வளவு நாள் வாய் திறக்காததற்குக் காரணம், என் பலகையே வேலை செய்யவில்லை. நேற்று இரவுதான் பிழையைப் பிடித்தேன். பிழையும் ஒரு வயாவில்தான் இருந்தது.

செய்வது மழைமானி. 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. தாண்டினாலே மண்சரிவு பற்றி விழிப்பாக இருக்கச் சொல்கிறது இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மண் மூடிய பிறகு, மழையை எண்ணாமல் எங்களுக்குத் தூக்கம் வருவதில்லை. கருவி எளிமையானது. சீசோ போல இரண்டு கிண்ணம்; ஒன்று நிறைந்ததும் கவிழும், கவிழும்போது காந்தம் ஓர் ஆளியை, அதாவது சுவிட்சை, தட்டும். அந்தத் தட்டலை எண்ணத்தான் பலகை.

கிகேட் (KiCad) என்ற பலகை வரையும் மென்பொருளில் வரைந்து, லேசர் அச்சை அயன் பெட்டியால் செப்புத் தகட்டில் ஒட்டி, பெரிக் குளோரைட்டில் அரித்தேன். இரண்டு பக்கப் பலகை. தொழிற்சாலையில் 0.3 மி.மீ. துளை போட்டு அதன் உட்சுவரிலும் செப்பு ஏற்றிவிடுவார்கள். வீட்டில் அதற்கு வழியில்லை. தடையியின் வெட்டிய காலைத் துளையில் நுழைத்து, மேலும் கீழும் ஈயம் பற்ற வைக்க வேண்டும். ஆறு வயாவில் ஒன்றைச் சிப் சாக்கெட்டுக்கு நேர் கீழே வைத்துவிட்டேன். சாக்கெட்டைப் பொருத்திய பிறகு மேல் பக்கம் ஈயக்கோல் நுழையவே இல்லை. கீழே மட்டும் பற்ற வைத்துவிட்டு, மூன்று நாள் நிரலைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரு முனையும் இணைந்திருந்தால் ‘கீ’ என்று கத்த வேண்டிய மல்டிமீட்டர் கத்தாதபோதுதான் புரிந்தது.

ஆகவே ‘துளை’ போதாது. என் பலகையில் திருகாணிக்கு நான்கு துளை, கால் செருக அறுபதுக்கு மேல். எல்லாம் துளைதான். வயா என்றால் துளை மட்டுமல்ல, இரு பக்கச் செம்பையும் இணைப்பது.

‘கடவை’ நம் ஊர்ச் சொல் என்பதால் பலருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் கொட்டகலையில் புகையிரதக் கடவை மூடி, பஸ்ஸில் காத்திருந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். அங்கே தண்டவாளமும் றோட்டும் ஒரே மட்டத்தில் சந்திக்கின்றன. பலகையில் இரண்டு தடம் அப்படிச் சந்தித்தால் அது ஷோர்ட் (குறுக்குச் சுற்று). வயா போடுவதே அதைத் தவிர்க்கத்தானே! படம் வேண்டுமென்றால் தெமோதரை ரயில் நிலையத்தைப் பாருங்கள்: பாதை மலையைச் சுற்றி இறங்கி, தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் புகுந்து போகிறது.

‘மதகு’ எனக்குப் பிடித்தது. றோட்டுக்கு அடியில் தண்ணீர் மறுபக்கம் போகும் மதகில் உட்கார்ந்து பேசாதவர் யார்? ஆனால் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு அது கதவு வைத்த அணை மதகு. வயாவுக்குத் திறந்து மூடும் வேலை கிடையாது.

என் முன்மொழிவு: செப்புக்கண். சொல்லைக் கொடுத்தது அம்மாதான். தொழிற்சாலையில் தேயிலை சலித்தவர். சல்லடையின் ஓட்டையெல்லாம் அவருக்குக் கண். அரித்த பலகையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, “என்னடா, கண்ணு கண்ணா இருக்கு” என்றார். நடுவில் ஓட்டை, சுற்றிலும் செப்பு வளையம்: கண்ணேதான். மேட்டூர் அணையின் மதகையும் பதினாறு கண் மதகு என்றுதானே சொல்கிறார்கள்?

கூட்டுச் சொல்லும் சுலபமாக வருகிறது. முழுதும் ஊடுருவுவது ஊடுகண். நான்கு அடுக்குப் பலகையில் ஒரு பக்கம் மட்டும் திறந்திருப்பது குருட்டுக்கண், உள்ளடுக்குகளுக்குள்ளேயே முடிவது புதைகண். பச்சைப் பூச்சால் மூடியது மூடுகண்.

“ஒளி உணரியையும் கண் என்போமே” என்பீர்கள். அதனால்தான் முன்னால் ‘செப்பு’.

———

ஹட்டன் அக்காவின் மறுமொழி:

தம்பி, செப்புக்கண் சரி. குருட்டுக்கண் வேண்டாம். என் வகுப்பில் கண் தெரியாத பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், அவள் முன்னால் கரும்பலகையில் அதை எழுத என்னால் முடியாது. ‘ஒருபக்கக்கண்’ என்றால் அர்த்தமும் நேராக விளங்குமே. திரான்சிற்றருக்குத் தமிழில் எந்தச் சொல்லை எழுதுவது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

———

அக்கா, ஒருபக்கக்கண் என்றே வைப்போம், எனக்கு அது தோன்றவில்லை. இந்த முறை பலகையை வெளியில் செய்யக் கொடுக்கிறேன். குறைந்தது ஐந்து எடுக்க வேண்டுமாம், மிஞ்சுவதில் ஒன்று உங்கள் வகுப்புக்கு. வெள்ளை எழுத்தில் ‘மேல்’, ‘கீழ்’ என்று தமிழிலேயே அச்சிடச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கண்ணையும் சாக்கெட்டுக்கு வெளியே தள்ளிவிட்டேன்.