கனடா கிம்பர்லியில் குடும்பத்தோடு பனிச்சறுக்கு: ஜனவரி முதல் வாரம் சரிப்படுமா?

வெருலம்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். பெரியவங்க ரெண்டு பேர், ஆயாவுக்கு (பாட்டி) 68, பிள்ளைங்களுக்கு 13, 9, 5. யாருக்கும் ஸ்கீ தெரியாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கிற கிம்பர்லி பழைய சுரங்க ஊர், கூட்டம் குறைவு, சின்னப் பிள்ளைங்களுக்கு ஏத்த மலைன்னு படிச்சோம். பள்ளி திறக்கிறதுக்கும் காவடி விரதத்துக்கும் முன்னாடி டர்பன் திரும்பணும். கால்கரியிலிருந்து கார் ஓட்டலாமா? உயரம் ஆயாவுக்கு ஒத்துக்குமா? எதை இங்கேயே வாங்கணும், எதை அங்கே வாடகைக்கு எடுக்கணும்? சாப்பாட்டுக்கு என்ன வழி?

மலைப்பாதை:
ஜனவரி 3க்கு மேல் போங்க. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரைக்கும் விலையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும்.

விமான டிக்கெட் தேடும்போது "கிம்பர்லி"ன்னு மட்டும் போட்டா தென்னாப்பிரிக்காவில் இருக்கிற நம்ம வடக்கு கேப் கிம்பர்லிதான் வந்து நிற்கும். 1896ல் அந்தக் கனடா ஊருக்குப் பெயர் வெச்சதே நம்ம வைர ஊரை மனசில் வெச்சுத்தான், அதனால குழப்பம் அவங்க தப்பு. தேட வேண்டியது கிரான்புரூக், விமான நிலையக் குறி ஒய்.எக்ஸ்.சி. அங்கிருந்து மலைக்கு அரை மணிக்குள்ள போயிடலாம். கால்கரியில் இறங்கினா சுமார் 400 கிலோமீட்டர், நல்ல நாளில் நாலு, நாலரை மணி நேரம்.

விசாவை முதல்ல முடிங்க. தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுக்கு வருகையாளர் விசா கட்டாயம். ஆளுக்கு 100 கனடா டாலர், கைரேகைக்கு 85. 14 வயசு நிரம்பாதவங்களுக்கு கைரேகை வேண்டாம், ஆயா கொடுத்தே ஆகணும். அமெரிக்கா வழியா டிக்கெட் எடுக்காதீங்க. விமானம் மாற மட்டும் இறங்கினாலும் அமெரிக்க விசா கேட்பாங்க.

கார் விஷயத்தில் பலரும் மாட்டிக்கிற இடம் டயர். கால்கரி இருக்கிற ஆல்பர்ட்டா மாகாணத்தில் குளிர்கால டயர் கட்டாயமில்லை, அதனால வாடகைக் காரில் சாதாரண டயரே இருக்கலாம். பிரிட்டிஷ் கொலம்பியா மலைச்சாலைகளில் அக்டோபர் 1லிருந்து அது சட்டம்: டயர் பக்கவாட்டில் எம்+எஸ் (சேறு, பனிக்கான டயர்) எழுத்தோ, மலையும் பனித்துகளும் போட்ட குறியோ இருக்கணும், டயர் வரிப்பள்ளத்தின் ஆழம் 3.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பனித்துகள் குறி உள்ளதையே கேளுங்க, எம்+எஸ் சட்டத்துக்குப் போதும், பனிக்கட்டிக்குப் போதாது. முன்பதிவுச் சீட்டில் எழுதி வாங்குங்க. வெறும் வாய்ச்சொல் கவுண்டரில் நிற்காது.

பாதை ரெண்டு. கூட்டனி தேசியப் பூங்கா வழி அழகானது, ஆனா நூறு கிலோமீட்டருக்குக் கிட்ட பெட்ரோல் இல்லை, போன் சிக்னலும் பெரும்பாலும் கிடையாது. பனிச்சரிவு அபாயம் வந்தா சாலையை மூடுவாங்க. தெற்கே குரோஸ்நெஸ்ட் கணவாய் வழியில் ஊருக்கு ஊர் பங்க் உண்டு. 1903ல் மலை சரிஞ்சு ஃபிராங்க் என்கிற நிலக்கரி ஊரின் ஒரு பகுதியை மூடின பாறைகள் இன்னைக்கும் சாலைக்கு ரெண்டு பக்கமும் கிடக்கு. முதல் தடவைன்னா இந்த வழிதான். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இருட்டிடும், மான்கள் சாலைக்கு இறங்குற நேரமும் அதுதான். அதோட வலப்பக்கம் ஓட்டணும். இறங்கின அன்னைக்கே கிளம்பாம ஒரு ராத்திரி கால்கரியில் தூங்குங்க.

டொங்காட்_ஸ்கீ:
உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஊர் சுமார் 1,120 மீட்டர், மலையடி 1,230, உச்சி 1,982. ஜோஹன்னஸ்பர்க்கே 1,750 மீட்டர் இருக்கிறது. ஆயாவுக்கு உண்மையான ஆபத்து வழுக்கும் நடைபாதைதான். ஷூவுக்கு மேல் மாட்டும் முள் வைத்த ரப்பர் உறை ஒரு ஜோடி அங்கே வாங்கிக் கொடுங்கள்.

மலையின் அமைப்பைத் தெரிந்துகொண்டு போங்கள். முன்பக்கத்துக்கு நார்த் ஸ்டார் எக்ஸ்பிரஸ் என்ற நாலு பேர் லிஃப்ட். பின்பக்கத்தில் ஈஸ்டர் லிஃப்ட், அங்கே பெரும்பாலும் கறுப்பு வைரக் குறி போட்ட கடினமான தடங்கள். புதியவர்கள் அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் திரும்பி வர வழி கடினம். பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம். ஆனால் அது அந்த மலைக்குள் ஒப்பிட்டுப் போட்டது, இன்னொரு மலையின் நீலத்தோடு பொருந்தாது. பிள்ளைகள் கன்வேயர் பெல்ட் உள்ள சமதளத்தில் தொடங்கட்டும். நினைத்த இடத்தில் நிற்கவும் இரு பக்கமும் திரும்பவும் வந்த பிறகே லிஃப்ட். நார்த் ஸ்டார் நிலையத்துக்குள் வந்ததும் வேகம் குறையும் வகை. பழைய லிஃப்ட்களைவிடக் குழந்தைகளுக்கு அதுவே சுலபம். ஏறுமுன் கம்புகளை ஒரே கையில் பிடிக்க வேண்டும், முதுகுப்பையைக் கழற்ற வேண்டும். ஐந்து வயதுக்கு அரைநாள் வகுப்பே அதிகம். பெரியவர்களும் வகுப்புக்குப் போங்கள். தெரியாதவர் தெரியாதவருக்குக் கற்றுக் கொடுத்தால் மாலையில் முழங்கால் சொல்லும்.

ஸ்கீ, பூட்ஸ், கம்பு, ஹெல்மெட் வாடகைக்கு எடுக்கலாம். பனிக்கண்ணாடி (காகிள்ஸ்), கையுறை, தெர்மல் உள்ளாடை சொந்தமாக வேண்டும். ஜீன்ஸும் பருத்தி பனியனும் ஈரம் பிடித்தால் காயாது, குளிர் எலும்புக்குப் போகும். குழந்தைகளுக்கு விரல் பிரியாத கையுறை இரண்டு ஜோடி. குளிர் அலை வந்தால் மைனஸ் 25க்கும் கீழே போகும்.

வாரத்தைக் கெடுப்பது பூட்ஸ்தான். முழங்கால் வரை வரும் மெல்லிய காலுறை ஒன்றே ஒன்று. இரண்டு போட்டால் மடிப்பு விழும், ரத்த ஓட்டம் குறையும், கால் இன்னும் சில்லிடும். தெர்மலின் அடியைப் பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள், கணுக்காலுக்கு மேல் வலி அதனால்தான் வருகிறது. குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் தள்ளிவிட்டுக் கொக்கி மாட்டுங்கள். நிமிர்ந்து நின்றால் கட்டைவிரல் முன்னால் லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். சௌகரியமாக இருக்கிறதே என்று ஓர் அளவு பெரிதாக எடுத்தால் கால் உள்ளே மிதக்கும், ஸ்கீ சொன்னபடி திரும்பாது.

வாடகைப் படிவத்தில் எடையைப் பவுண்டில் கேட்கிறார்களா கிலோவிலா என்று பாருங்கள். 20 கிலோ என்றால் 44 பவுண்டு. கிலோ எண்ணைப் பவுண்டுக் கட்டத்தில் எழுதினால் பூட்ஸைப் பிடிக்கும் பூட்டைத் தளர்வாக வைப்பார்கள், ஸ்கீ சும்மாவே கழன்று வரும். திறமையைக் கூட்டிச் சொன்னால் இறுக்கி விடுவார்கள். அப்போது விழும்போது ஸ்கீ கழலாது, எலும்பு முறியும். "புதியவர்" என்றே எழுதுங்கள். குழந்தைகளின் ஸ்கீ நெஞ்சுக்கும் தாடைக்கும் நடுவே இருக்கட்டும்.

வெருலம்வாசி:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. பனி கண்டிப்பா இருக்குமா? பையன் சுரங்கத்துக்குள்ள ரயிலில் போகணும்னு நிக்கிறான்.

பழைய_சுரங்கம்:
சுரங்க ரயில் கோடையில் மட்டும், தம்பிக்கு இப்பவே சொல்லிடுங்க. அந்த ஊர் சல்லிவன் சுரங்கத்தில் ஈயம், துத்தநாகம், வெள்ளி எடுத்தாங்க, 2001 டிசம்பரில் மூடினாங்க. வேலிக்குள்ள எட்டிப் பார்க்கக்கூட விடாதீங்க. மூடின பிறகும், 2006 மே மாசம், கழிவுக் குவியலுக்குக் கீழே நீர் மாதிரி எடுக்கிற சின்னக் கொட்டகையில் ஆக்சிஜன் இல்லாம நாலு பேர் இறந்தாங்க. கந்தகக் கழிவு காற்றிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சிடும், வாசனையும் இருக்காது.

பனி பக்கத்து ஸ்கீ மலையான ஃபெர்னி அளவுக்கு விழாது. கிம்பர்லி வெயில் ஊர், பழைய சுரங்க நிலத்திலேயே சூரிய மின் நிலையம் போட்டிருக்காங்கன்னா பாருங்க. காலையில் தடம் கெட்டியா வழுக்கும். புதுசா கத்துக்கிறவங்க பத்து, பத்தரைக்கு மேல் ஏறினா போதும். முன்பக்கம் முழுக்க ஒரே பெரிய லிஃப்டை நம்பி இருக்கிறதும் ஒரு பலவீனம். 2021 டிசம்பரில் அதுக்கு யாரோ தீ வெச்சு சீசனே ஆட்டம் கண்டுச்சு. ஏழு நாள் டிக்கெட்டையும் முன்கூட்டியே வாங்காதீங்க. காரில் ஒன்றரை மணி நேரத்தில் ஃபெர்னி மலை, ரெண்டையும் நடத்துறது ஒரே நிறுவனம்.

சாப்பாட்டுக்குச் சமையலறை உள்ள அறை எடுங்க. பருப்பு, மசாலாத் தூள், மாங்காய் அச்சார் கொண்டு போகலாம், ஆனா விமான நிலையப் படிவத்தில் எல்லா உணவையும் அறிவிக்கணும். பில்டோங் (உலர்ந்த இறைச்சி) மட்டும் வேண்டாம், பறிமுதல் ஆயிடும். அரிசி, காய்கறி கிரான்புரூக் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிட்டு மலை ஏறுங்க.

முடிஞ்சா வர்ற ஜூலையில் லெசோத்தோவின் ஆஃப்ரிஸ்கீ பனிச்சறுக்கு மையத்தில் ரெண்டு நாள் பழகிடுங்க. விசா வேண்டாம், பெரிய தடம் ஒரு கிலோமீட்டர்தான். உச்சி 3,222 மீட்டர், ஆயாவுக்கு மூச்சு வாங்குறதுன்னா அங்கேதான் வாங்கும்.