1894 அறிக்கையும் மருத்துவக் கஞ்சாவும்: மாற வேண்டியது எது?

கூடல்நதி:
பழைய அரசாங்க அறிக்கைகள் படிப்பது எனக்கு நாவல் படிப்பதைவிடப் பிடிக்கும். அடிக்கடி கையிலெடுப்பது பிரிட்டிஷ் இந்திய அரசு அமைத்த 1893-94 கஞ்சா ஆணையத்தின் அறிக்கை. ஏறக்குறைய 1200 பேரை விசாரித்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது மனநோய் விடுதிகள் பற்றிய பகுதி. கஞ்சாவால் பைத்தியம் பிடித்தவர்கள் என்று பதிவேடுகளில் நிறையப் பேர் இருந்தார்கள். ஆணையம் ஒவ்வொன்றாகத் தோண்டியபோது, ‘காரணம்’ என்ற கட்டத்தைப் போலீஸும் எழுத்தர்களும் சரியாக விசாரிக்காமலே நிரப்பியிருந்தது தெரிந்தது. அளவாகப் பயன்படுத்துவதால் பெரிய கேடில்லை, முழுத் தடை தேவையில்லை, வரியும் உரிமமும் போதும் என்று முடித்தார்கள். 1985இல் நம் போதைப்பொருள் சட்டம் வந்தபோது அந்த நிதானம் போய்விட்டது. இலையும் விதையும் பூ இல்லாமல் தனியாக இருந்தால் சட்டத்தின் வரையறைக்கு வெளியே. அதனால் வடக்கே உரிமக் கடையில் கஞ்சா இலையில் செய்யும் பாங் கிடைக்கிறது. நோயாளிக்கு முறையான மருந்து கிடைப்பதுதான் கஷ்டம். சட்டம் மாற வேண்டும்.

மருந்துச்சீட்டு:
ஐயா, அருமையான வாசிப்பு. ஆனால் சாட்சியம் மருந்துப் பரிசோதனை ஆகாது. போதை தரும் டிஎச்சி மூலக்கூறைப் பிரித்தெடுத்ததே 1964இல்தான். இன்றைய செடிகளில் அது பல மடங்கு அதிகம். இளம்வயதில் அதிகம் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு அபாயம் கூடுகிறது என்பதையும் ஒதுக்க முடியாது. தாய்லாந்தைப் பாருங்கள். மருத்துவத்துக்கென்று தொடங்கி, 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. 2025இல் கஞ்சாப் பூவுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும் என்று திரும்ப வந்தார்கள். ‘மருத்துவம்’ என்ற பெயரில் கதவு திறந்தால் இதுதான் நடக்கும்.

கூடல்நதி:
நான் கேட்பது தாய்லாந்து வழி இல்லை. பிரிட்டனில் 2018 நவம்பர் முதல் சிறப்பு மருத்துவர் கஞ்சா மருந்து எழுதித் தரலாம். 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து 27 ஆதரவு, 25 எதிர்ப்பு வாக்குகளில் நீக்கியபோது இந்தியாவும் ஆதரவாகத்தான் வாக்களித்தது. பரிசோதனை இல்லை என்கிறீர்கள். டிரேவே என்ற கடுமையான வலிப்பு நோய் உள்ள பிள்ளைகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், கஞ்சாச் செடியிலுள்ள, போதை தராத சிபிடி கொடுத்தவர்களுக்கு மாதாந்திர வலிப்பின் இடைநிலை எண்ணிக்கை 12.4லிருந்து 5.9 ஆனது. வெற்று மருந்து பெற்றவர்களுக்கு 14.9லிருந்து 14.1தான்.

நித்திலம்:
என் மகனுக்கு வலிப்பு. அண்ணா, நீங்கள் இருவரும் எண்ணெய் பற்றிப் பேசவே இல்லையே? ‘விஜயா’ என்ற பெயரில் கஞ்சா இலைச்சாறு எண்ணெய் இணையத்தில் கிடைக்கிறது. போன மாதப் புட்டியும் இந்த மாதப் புட்டியும் ஒன்றா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவன் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து சாப்பிடுகிறான். அதோடு சிபிடி சேர்ந்தால் கல்லீரல் நொதி ஏறலாம், ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று மருத்துவர் எச்சரித்தார். கடைக்காரர் யாரும் சொல்லவில்லை.

மருந்துச்சீட்டு:
சகோதரி சொல்வதுதான் என் வாதமும். அந்த ஆய்வு சுத்திகரித்த சிபிடிக்கு, செடிக்கு இல்லை. நம் சட்டத்தின் 8ஆம் பிரிவு மருத்துவ, அறிவியல் பயன்பாட்டை ஏற்கெனவே அனுமதிக்கிறது. தேவை, தரம் சோதித்த மருந்தைப் பதிவு செய்வது. பிரிட்டனில் சட்டம் மாறியும் அரசு மருத்துவமனைகளில் சீட்டு கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் காசு கொடுத்துத் தனியார் கிளினிக்கில்தான்.

கூடல்நதி:
சரி, பதிவு முதலில் வரட்டும், அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் இறக்குமதி மருந்தின் விலையை எத்தனை குடும்பம் தாங்கும்? இங்கேயே தயாரிக்கச் செடி வேண்டும். 10ஆம் பிரிவின்படி சாகுபடியை அனுமதித்து ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநில அரசுகளிடம் இருக்கிறது. உத்தராகண்ட் 2018இல் நாருக்காக உரிமம் தந்தது. மருந்துத் தயாரிப்புக்கும் அப்படி ஒரு விதி, அதிலேயே ஒவ்வொரு தொகுப்புக்கும் ஆய்வகச் சோதனை கட்டாயம் என்று எழுதினால் நீங்கள் எதிர்ப்பீர்களா?

மருந்துச்சீட்டு:
சோதனை முடிவு புட்டியிலேயே அச்சாக வேண்டும், நரம்பியல் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. இந்த இரண்டும் இருந்தால் எதிர்க்க மாட்டேன். புகைக்கும் பூவுக்கு மட்டும் என் பதில் இன்னும் இல்லைதான்.