ஹீத்கிட் டிஎக்ஸ்-60பி: பேண்ட் குமிழை அழுத்திப் பிடித்தால்தான் 15 மீட்டரில் ட்ரைவ் வருகிறது

கேள்வி:
மிச்சிகனில் ஒரு பழைய ஹாமிடமிருந்து (பொழுதுபோக்கு வானொலியாளர்) இந்த வால்வு ட்ரான்ஸ்மிட்டர் செட்டை வாங்கினேன். வடிகட்டிக் கெபாசிட்டர்களை மாற்றி, மூன்று முனை மின்கம்பியும் போட்டாயிற்று. 80, 40 மீட்டர் பேண்டுகளில் (அலைவரிசைகளில்) குறையே இல்லை. 15 மீட்டரில் மட்டும் கிரிட் கரண்ட், அதாவது கடைசி வால்வுக்குப் போகும் ட்ரைவின் (உந்து சிக்னலின்) அளவு, 1 மில்லி ஆம்பியரைத் தாண்ட மாட்டேன் என்கிறது. பேண்ட் மாற்றும் சுவிட்சின் குமிழை இடப்பக்கமாக லேசாக அழுத்தினால் 2.5-க்குத் தாவுகிறது, விட்டால் விழுந்துவிடுகிறது. 6சிஎல்6 வால்வுகள் இரண்டையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். ஓம் மீட்டரில் சுவிட்ச் எல்லா நிலையிலும் பூஜ்யம் காட்டுகிறது. ஸ்பிரே அடித்தால் போதுமா, சுவிட்சையே மாற்ற வேண்டுமா?

பதில் 1:
சார், ஸ்பிரே இப்போது வேண்டாம். எந்த வேஃபரில் (சுவிட்சின் முனைகள் பொருத்திய தட்டு) குறை என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கிரிட் கரண்டே குறைகிறது என்றால் குறை ஆஸிலேட்டர், ட்ரைவர் பக்க வேஃபர்களில். கிரிட் நிலையாக இருந்து, பிளேட் டிப் (ட்யூன் செய்யும்போது பிளேட் கரண்ட் இறங்கும் புள்ளி) மட்டும் ஆடினால், கடைசி வால்வான 6146-க்குப் பின்னால் உள்ள டேங்க் காயில் (வெளியீட்டு ட்யூனிங் சுருள்) வேஃபரைச் சந்தேகிக்கலாம். உங்களுடையது முதல் வகை. 15 மீட்டருக்கு 7 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் மூன்றாம் மடங்கை எடுக்கிறோம். ட்ரைவ் இயல்பிலேயே சற்றுக் குறைவு. அதனால் சுவிட்சின் சின்னக் குறையும் அங்கேதான் முதலில் வெளிப்படும்.

ஒரு பக்கம் அழுத்தினால் சரியாகிறது என்றால், சுழலும் தகடு கிளிப்புக்குள் முழுதாக நுழையவில்லை. முன்பக்க நட்டு தளர்ந்து சுவிட்சே திரும்பியிருக்கலாம், அதை முதலில் பாருங்கள். நட்டு இறுக்கமாக இருந்தால், லென்ஸ் வைத்து அந்த நிலையின் கிளிப்பைப் பாருங்கள். தகட்டின் இரு பக்கமும் இரண்டு இதழும் தொட்டிருக்க வேண்டும்.

கருப்பாக இருப்பதைக் கண்டு உப்புத்தாள் போட்டுவிடாதீர்கள். அது வெள்ளிப் பூச்சின் மேல் படிந்த சல்ஃபைடு. தேய்த்தால் பூச்சே போய்விடும், அடியில் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தால் அந்த முனை அதிக நாள் தாங்காது. டீஆக்ஸிட் என்ற முனை சுத்திகரிப்பு திரவத்தை ஊசிமுனையில் ஒரு சொட்டு தொட்டு வைத்து, குமிழை முன்னும் பின்னும் பலமுறை திருப்பினால் போதும். வேஃபரை நனைத்தால் அதன் ஃபீனாலிக் (பிசின் ஏற்றிய பழுப்பு அட்டை) அதை உறிஞ்சிக்கொள்ளும்.

பதில் 2:
அந்த பூஜ்யத்தை நம்பாதீர்கள். காயிலின் சுற்றுகள் முனைக்கு இணையாக இருக்கின்றன. முனை தொடாவிட்டாலும் மீட்டர் காயில் வழியாகப் போய் பூஜ்யம் போலக் காட்டும். முனையின் கம்பி ஒன்றைக் கழற்றி, பெஞ்ச் சப்ளையிலிருந்து 1 ஆம்பியர் அனுப்பி, முனையின் இரு பக்கமும் மில்லிவோல்ட் பாருங்கள். 10 மில்லிவோல்ட் என்றால் 10 மில்லி ஓம், நல்ல முனை. நூற்றுக்கணக்கில் வந்தாலோ குமிழைத் தட்டும்போது ஆடினாலோ அதுதான் குற்றவாளி.

கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டர்கள் வடிந்ததை மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே அறுநூறு வோல்ட் பக்கம் இருக்கும், விளையாட்டில்லை.

கேட்டவர்:
நட்டு இறுக்கமாகவே இருக்கிறது. ட்ரைவர் வேஃபரில் 15 மீட்டர் கிளிப்பின் ஒரு இதழ் விரிந்து, தகட்டைத் தொடாமல் நிற்கிறது. அளந்தால் மில்லிவோல்ட் ஓரிடத்தில் நிற்கவில்லை. இன்னொன்று: டேங்க் வேஃபரில் இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சில் கோடு போல ஒரு கருப்புத் தடம்.

பதில் 1:
இதழை மரக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள். குறட்டால் நெருக்கினால் ரிவெட் ஆடிவிடும், அப்புறம் அந்த முனை தேறாது.

கருப்புத் தடம்தான் எனக்குப் பெரிய கவலை. மோர்ஸ் கீயை அழுத்தி ஒலிபரப்பியபடியே யாரோ பேண்ட் மாற்றியிருக்கிறார், பொறி பறந்து கரி படிந்திருக்கிறது. கரி மின்சாரம் கடத்தும், மேலும் மேலும் எரியும். ஃபீனாலிக் என்றால் நல்ல பழுப்பு நிறம் வரும்வரை சுரண்டி, எபாக்ஸி வைத்து நிரப்புங்கள். பீங்கான் என்றால் ஆல்கஹால் வைத்துத் துடைத்துப் பாருங்கள். வேஃபரையே மாற்ற வேண்டி வந்தால் உதிரிபாகம் எடுக்க ஒரு உடைந்த டிஎக்ஸ்-60 தேடுவதுதான் வழி. அமெரிக்காவின் ஒஹாயோவில் ஸீனியா என்ற ஊரில் நடக்கும் டேட்டன் ஹாம்வென்ஷன் (ஹாம்களின் மாநாடு) சந்தையில் அப்படிப்பட்ட செட்டுகளைத் தேடிப் பார்க்கலாம். கழற்றும் முன் ஒவ்வொரு கம்பிக்கும் சீட்டு ஒட்டிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
இதழைச் சரிசெய்துவிட்டேன். குமிழைத் தொடாமலே 2.5 நிற்கிறது. டேங்க் வேஃபரைச் சுரண்டி எபாக்ஸி காயும்வரை செட்டுக்கு மின்சாரம் கொடுக்கப் போவதில்லை. இருவருக்கும் நன்றி, 73 (ஹாம் வழக்கில் 'வாழ்த்துகள்').