டிடி-02 ரிமோட் ரோடு காரை மண்ணில் ஓட்ட மாற்றியதும் மோட்டார் கொதிக்கிறது, டாக்போன் கழன்று விழுகிறது – உதவி தேவை

கேள்வி

வணக்கம். என்னுடையது ரிமோட்டில் ஓடும் மாடல் கார்: தமியா டிடி-02 (TT-02), நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு (1/10) அளவு, நாலு வீல் டிரைவ். கிட்டோடு வந்த 540 பிரஷ் மோட்டார், 70 பல் ஸ்பர் (மோட்டார் சுழற்றும் பெரிய கியர்), 22 பல் பினியன் (மோட்டார் தண்டில் உள்ள சிறு கியர்). தார் ரோட்டில் எந்தத் தொந்தரவும் இல்லை. செம்மண்ணும் சரளையும் கலந்த தரையில் ஓட்டுவதற்காக 64 மிமீ டயரை எடுத்துவிட்டு 85 மிமீ பக்கி (கரடுமுரடான தரைக்கான கார்) டயர் போட்டேன். இரண்டும் 12 மிமீ ஹெக்ஸ் (சக்கரம் மாட்டும் அறுகோண முனை) என்பதால் நேராக உட்கார்ந்தது. ஷாக் நான்கும் பக்கியுடைய நீள ஷாக். தரை இடைவெளி 6 மிமீயிலிருந்து 24 மிமீ ஆகிவிட்டது.

இப்போது ஐந்தே நிமிடத்தில் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. மேட்டில் குதித்து இறங்கினால் பின் டாக்போன் (சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) கழன்று விழுகிறது. முழுதாகத் திருப்பும்போது முன்பக்கம் கடகடவென்று சத்தம். 17 பல் பினியன் வாங்கினால் போதுமா, வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா?

பதில் 1

சூடும் டாக்போனும் வெவ்வேறு பிரச்சினைகள். முதலில் சூடு.

டிடி-02-இன் உள் விகிதம் (ஸ்பருக்கு அப்பால் உள்ள கியர்களின் மாறாத விகிதம்) 2.6. 70-ஐ 22-ஆல் வகுத்து 2.6-ஆல் பெருக்கினால் 8.27, சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு மோட்டார் அத்தனை சுற்று. 64 மிமீ டயரின் சுற்றளவு 201 மிமீ, அதாவது மோட்டார் ஒரு சுற்று சுற்றினால் கார் 24 மிமீ நகரும். 85 மிமீ டயரில் அதே ஒரு சுற்றுக்கு 32 மிமீ. மூன்றில் ஒரு பங்கு பெரிய கியர் போட்டதற்குச் சமம். மண்ணில் உருளவே கூடுதல் இழுவை வேண்டும், டயரும் கனம். மோட்டார் கொதிக்காமல் என்ன செய்யும்?

17 பல் போட்டால் விகிதம் 10.7, நகர்வு மறுபடி 25 மிமீக்கு வந்துவிடும். கணக்கு சரிதான். ஆனால் அந்தச் சக்கரத்தின் கனமும் அகலமும் அப்படியே இருக்கும். ஒவ்வொரு குதியிலும் அந்தச் சுமை ஹப், ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் கை), சர்வோ சேவர் (ஸ்டியரிங் மோட்டாரை அதிர்ச்சியிலிருந்து காக்கும் பாகம்) எல்லாவற்றிலும் இறங்கும். இந்தக் காரின் ஆர்ம் குட்டையானது, பக்கியின் சக்கரத்தைத் தாங்குவதற்குச் செய்ததில்லை. என் கருத்து, பக்கி டயரைக் கழற்றிவிட்டு 26 மிமீ அகலமுள்ள ராலி பிளாக் டயர் போடுங்கள். வெளி விட்டம் 67 மிமீக்குள் இருக்கட்டும். கூடவே 19 பல் பினியன். விகிதம் 9.58, நகர்வு 22 மிமீ. உச்ச வேகம் கொஞ்சம் குறையும், மண்ணில் அது தெரியவே தெரியாது.

பினியன் மாற்றும்போது பலர் தவறுவது ஒரு இடத்தில். இது 0.6 மாட்யூல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) கியர். ஒரு பல் குறைந்தால் மோட்டார் 0.3 மிமீ உள்ளே நகர வேண்டும், மூன்று பல்லுக்கு 0.9 மிமீ. பல்லின் முழு உயரமே 1.35 மிமீதான். பழைய துளையிலேயே மாட்டினால் பல்லின் நுனி மட்டும் தொடும், ஸ்பர் சீக்கிரமே மழுங்கிவிடும். கையேட்டின் கியர் அட்டவணையில் உங்கள் பல்லெண்ணுக்கு எந்தத் துளை என்று பார்த்து மாட்டுங்கள். பினியன் எஃகாக இருக்கட்டும். அலுமினியத்தைப் புழுதி அரம் மாதிரி தேய்த்துவிடும்.

இனி டாக்போன். காரைத் தூக்கிப் பிடித்து, சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் டாக்போனை விரலால் உள்ளே தள்ளிப் பாருங்கள். அதன் குறுக்கு ஊசி எதிர்முனைக் கப்பின் வாய் ஓரத்துக்கே வந்து நிற்கிறதா? அப்படியென்றால் ஷாக் நீளம் அதிகம். ஆர்ம் அளவுக்கு மீறித் தொங்கும்போது இரண்டு கப்புக்கும் இடையே தூரம் கூடுகிறது, டாக்போன் வெளியே விழுகிறது. முன்பக்கச் சத்தத்துக்கும் அந்தச் சாய்வே காரணம், திருப்பும்போது கோணம் இன்னும் கூடிவிடுகிறது.

பழைய நீளத்து ஆயில் ஷாக்குக்குத் திரும்புங்கள். நீள ஷாக்கையே வைத்துக்கொள்வதானால் பிஸ்டனுக்குக் கீழே தண்டில் 4 மிமீ குழாய்த் துண்டு ஒன்றைக் கோத்து, மறுபடி தொங்கவிட்டுப் பார்த்து, தேவைக்கு ஏற்ப கூட்டிக் குறையுங்கள். கார் தரையில் நிற்கும்போது டாக்போன் ஏறக்குறைய படுக்கையாக, வெளிமுனை மட்டும் சற்றே தாழ்ந்து இருக்க வேண்டும். தரை இடைவெளி 12 முதல் 14 மிமீ போதும். முன்பக்கத்துக்கு மட்டும் யூனிவர்சல் ஷாஃப்ட் (மூட்டு வைத்த தண்டு) போட்டால் திருப்பத்தில் வரும் சத்தமும் அடங்கும்.

கேட்டவர்

67 மிமீ ராலி டயர், 19 பல் எஃகுப் பினியன் இரண்டும் கடையில் ஆர்டர் சொல்லிவிட்டேன். டிஃப்பில் (இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் தொகுதி) கெட்டி ஆயில் ஊற்றலாமா? புழுதிக்கு என்ன செய்வது?

பதில் 2

டிஃப்ல ஆயில் ஊத்தாதீங்க. கிட்டோட வர்ற டிஃப்ல சீல் கிடையாது, ரெண்டு நாள்ல எல்லாம் வெளிய வந்து புழுதியோட சேர்ந்து சேறாயிடும். முன் டிஃப்ல மட்டும் கெட்டியான டிஃப் புட்டி, பட்டாணி அளவு ரெண்டு உருண்டை, உள் கியர் பல் இடுக்குல அமுக்கி வைங்க. பின் டிஃப்ல சாதா கிரீஸ். முன்னாடி ஒரு சக்கரம் காத்துல தூக்கினாலும் இன்னொண்ணு இழுக்கும். ஆனா முன் டிஃப்பை முழுசா லாக் பண்ணிடாதீங்க, வண்டி திரும்பாம நேரா போகும், டாக்போனும் வளையும்.

கிட் பிளாஸ்டிக் புஷ்ஷை (ஆக்ஸிலைத் தாங்குற வளையம்) இன்னும் எடுக்கலைன்னா முதல் செலவு அதுக்குத்தான். ரப்பர் சீல் போட்ட பால் பேரிங் வாங்குங்க, இரும்பு மூடி வேண்டாம், மண்ணு உள்ள போயிடும். புஷ் தேஞ்சா ஆக்ஸில் ஆடும். மோட்டார் சூட்டுல அதுக்கும் பங்கு உண்டு.

சேசிஸ் அடித்துளை எல்லாத்தையும் உள்பக்கமா துணி டேப்பால ஒட்டுங்க. கியர் கவர் ஓரத்துல ஒரு சரளைக்கல் சிக்கினாலே ஸ்பர் பல்லு போச்சு. ரிசீவரை பலூனுக்குள்ள போட்டு, ஒயர் வெளிய வர்ற வாயில கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி கேபிள் டை கட்டுங்க. மோட்டார், இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற சர்க்யூட்) ரெண்டையும் மட்டும் மூடாதீங்க, அதுக்குக் காத்து வேணும்.

ஷாக் ஆயில் 300 சிஎஸ்டி (ஆயிலோட கெட்டித்தன்மை அளவு), மிருதுவான ஸ்பிரிங். ஆயில் ஊத்தினதும் பிஸ்டனைக் கீழ இழுத்து, மெதுவா மேலும் கீழும் ஆட்டி, குமிழி அடங்கற வரைக்கும் அஞ்சு நிமிஷம் நிறுத்தி வச்சுட்டு அப்புறம் மூடுங்க.

ஒரு சின்ன விஷயம், ஆனா ரொம்ப முக்கியம். இதோட ஸ்க்ரூ ஜப்பான் ஜேஐஎஸ் தலை. நம்ம கடை ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் வழுக்கித் தலையை அரிச்சிடும், ஜேஐஎஸ் டிரைவரே வாங்குங்க. பிளாஸ்டிக்ல திரும்ப மாட்டும்போது முதல்ல இடதுபக்கமா மெல்லத் திருப்புங்க. 'டக்'னு ஒரு இடத்துல ஸ்க்ரூ இறங்கும். அதுதான் பழைய மரை. அங்கிருந்து வலதுபக்கம் முறுக்கினா எத்தனை தடவை கழட்டி மாட்டினாலும் துளை கெடாது.

கேட்டவர்

எல்லாம் மாட்டியாயிற்று. தரை இடைவெளி 13 மிமீ. 12 நிமிடம் ஓட்டியபின் மோட்டார் 61 டிகிரி. டாக்போன் கழலவில்லை. ஒன்று மட்டும் மீதி: வேகமாக வந்து பிரேக் பிடித்தால் பின்பக்கம் சுழன்றுவிடுகிறது.

பதில் 1

61 டிகிரி நல்ல அளவு. 80-ஐத் தாண்டினால் மட்டும் நிறுத்தி ஆறவிடுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, பின் டயர் பிடியை இழக்கிறது. டிரான்ஸ்மிட்டரில் பிரேக் அளவைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், அந்த வசதி இல்லையென்றால் விசையை விட்டு விட்டுப் பிடியுங்கள். பின் ஷாக்கில் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கொஞ்சம் குறைத்தால் பின்புறம் சற்றுத் தாழும், அதுவும் உதவும். அப்படியும் சுழன்றால் பின் டயருக்குள் இருக்கும் ஃபோமைப் பாருங்கள். கெட்டி ஃபோம் இருந்தால் டயர் தரைக்கு ஏற்ப மடங்காது, மிருதுவான ஃபோம் போடுங்கள்.